டோல்கேட்டை எப்படா எடுப்பாங்க?

ரொம்ப நாளாக இங்கே எதுவும் எழுதவில்லை. செமினார், இன்டர்னல், வைவா என்று வழக்கமான சாக்குகள்தான். இந்தப் பதிவுகூட ஒரு செமினாரின் பக்கவிளைவு. கொஞ்சம் நீளம். டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

செமினார் தலைப்பு: சுங்கச் சாலை கன்செஷன்கள். கன்செஷன் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு பஸ் பாஸ்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்த கன்செஷன் நமக்கில்லை. "ரோட்டை நீ போடு, இத்தனை வருடம் நீயே டோல் வசூலித்துக்கொள், அப்புறம் அரசிடம் ஒப்படைத்துவிடு" என்று ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் உரிமைக்குத்தான் அந்தப் பெயர். கட்டி, நடத்தி, திருப்பித் தருவதால் பி.ஓ.டி. என்பார்கள். 1995-இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைத் திருத்தி இந்தியாவில் இதற்கு வழி திறந்தார்கள்.

எனக்கும் டோல்கேட்டுக்கும் ஒரு தனிப்பட்ட உறவு உண்டு. அப்பாவிடம் ஒரு டாடா 407 இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோவார். வண்டியின் ஃபாஸ்டேக் என்னுடைய செல் நம்பரில் இருக்கிறது, ஏனென்றால் அப்பா வைத்திருப்பது பட்டன் போன், அதிலும் வரும் இங்கிலீஷ் மெசேஜ் எதையும் அவர் படிக்க மாட்டார். அதனால் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு ஹாஸ்டலில் என் தலைமாட்டில் 'டிங்' என்று சத்தம் கேட்கும். இவ்வளவு ரூபாய் கழிக்கப்பட்டது, இந்த டோல்கேட், இந்த நேரம். ரூம்மேட் முதலில் வேறு மாதிரி சந்தேகப்பட்டான். அந்த அதிர்ஷ்டமெல்லாம் நமக்கு ஏது!

காலையில் அம்மா போன் செய்து, "அப்பா தாண்டிட்டாராடா?" என்றுதான் முதலில் கேட்பார். நான் மெசேஜைப் பார்த்துவிட்டு, "ரெண்டே காலுக்குத் தாண்டிட்டார்மா" என்பேன். டோல் என்பது எங்கள் வீட்டில் செலவு மட்டுமில்லை, அப்பா பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்ற தகவலும்கூட.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது செமினார் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னேன். எக்ஸெல்லில் ஒரு கற்பனை ரோட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். ஆயிரம் கோடி முதலீடு, இருபது வருடம், லாப விகிதம் 16 சதவீதம். அப்பா வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி. டோல்கேட்டை எப்படா எடுப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் எக்ஸெல்லில் இருபதாம் வருடத்துக்கு அப்புறம் கட்டமே இல்லை.

இதில் அப்பாவை டோல் எதிர்ப்பாளர் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வழிச் சாலையாக இருந்த காலத்தில் நாலரை மணி நேரம் ஓட்டிய தூரத்தை இப்போது மூன்று மணிக்குள் முடிக்கிறார். தக்காளி நசுங்குவதில்லை. டயர் முன்னைவிட அதிகம் உழைக்கிறது. "நல்ல ரோட்டுக்குக் காசு குடுக்கலாம், தப்பில்ல. ஆனா எதுக்கு குடுக்கறோம், எது வரைக்கும் குடுக்கறோம்னு சொல்லணும்ல?" என்பதுதான் அவர் கட்சி. வருடத்துக்கு ஒரு தடவை கட்டணம் ஏறுவதும் அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் சில டோல்கேட்டில் ஏப்ரல் 1, சிலவற்றில் செப்டம்பர் 1. ஏறும் கணக்கு 2008-இன் கட்டண விதிகளில் இருக்கிறது: வருடத்துக்கு 3 சதவீதம், அதோடு மொத்தவிலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். 407 போன்ற இலகு சரக்கு வண்டிக்கு 2007-08-இன் அடிப்படைக் கட்டணம் நாலுவழிச் சாலையில் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 5 பைசா. அங்கிருந்து ஏறிக்கொண்டே வருகிறது.

சரி, அப்பா கேட்டதற்குப் பதில் தேடுவோம் என்று உட்கார்ந்தேன். நெடுஞ்சாலை ஆணையத்தின் டோல் தகவல் தளத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் முதலீடு எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். நாம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வசூல் முதலீட்டைத் தாண்டியிருந்தால் "கொள்ளை" என்று ஒரு பதிவு போட்டுவிடலாம் என்ற எண்ணம்.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு. ஆயிரம் கோடி கடன் வாங்கி ரோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 10 சதவீதம், அதாவது வருடத்துக்கு 100 கோடி. டோல் வசூல் 120 கோடி, பராமரிப்புச் செலவு 20 கோடி. பத்து வருடத்தில் மொத்த வசூல் 1,200 கோடி, முதலீட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் கடன்? அதே ஆயிரம் கோடி. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் யாரிடமாவது கேளுங்கள், கண்ணில் தண்ணீரோடு விளக்குவார்கள்.

அப்படியானால் கம்பெனிக்காரன் சொல்வதெல்லாம் நியாயமா? அதுவும் இல்லை. வட்டியும் லாபமும் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. நல்ல உதாரணம் என்றால், மோசமான உதாரணம்.

டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்கு மேலே இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலை. 1997 நவம்பரில் ஒப்பந்தம் போட்டு, 2001-இல் திறந்தார்கள். எட்டு வழி, ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், செலவு சுமார் 400 கோடி. முப்பது வருட கன்செஷன். இதுவரை ஒன்றும் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் உள்ளே இருந்த சூத்திரத்தில். மொத்தச் செலவின் மேல் வருடத்துக்கு 20 சதவீதம் லாபம் உறுதி. ஒரு வருடம் அந்த 20 சதவீதம் வரவில்லையென்றால், குறைந்த தொகை மொத்தச் செலவோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த வருடம் அதற்கும் சேர்த்து 20 சதவீதம். முப்பது வருடத்தில் தீரவில்லையென்றால், தீரும்வரை இரண்டிரண்டு வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தவுடன் எக்ஸெல்லைத் திறந்தேன். இது என் சொந்தக் கணக்கு, அந்தக் கம்பெனியின் புத்தகக் கணக்கு அல்ல. செலவு 400 கோடி. முதல் வருடம் தர வேண்டிய லாபம் 80 கோடி. செலவு போக 30 கோடிதான் மிஞ்சியது என்று வையுங்கள். துண்டு 50 கோடி, ஆக மொத்தம் 450. இரண்டாம் வருடம் தர வேண்டியது 90. வண்டிகள் 10 சதவீதம் கூடி 33 கோடி மிஞ்சியது. துண்டு 57, மொத்தம் 507. மூன்றாம் வருடம் இன்னும் 10 சதவீதம் கூடியும் மொத்தம் 572. வருமானம் ஒவ்வொரு வருடமும் 10 சதவீதம் வளர்கிறது, பாக்கியும் வளர்கிறது. முப்பது இல்லை, முன்னூறு வருடம் இழுத்துப் பார்த்தேன். தீரவே தீராது. நம்ம ஊர் மீட்டர் வட்டியைத்தான் கோட்டு சூட்டு போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. திறந்த டெண்டர் இல்லாமல் கொடுத்தது, முடிவே இல்லாமல் வசூலிக்க வழிசெய்யும் சூத்திரம், இரண்டையும் தீர்ப்பு கண்டித்தது. நொய்டாக்காரர்களுக்கு "எப்படா எடுப்பாங்க?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கப் பதினைந்து வருடமும் ஒரு கோர்ட்டும் தேவைப்பட்டன.

எனக்கு உறைத்தது இதுதான். கம்பெனிக்கு 20 சதவீதம் ஏன் கொடுக்க வேண்டும்? ரிஸ்க் எடுப்பதால். வண்டி வராமல் போனால் நஷ்டம் அவனுக்கு, அதற்காகத்தான் அதிக லாபம். ஆனால் லாபமும் உறுதி, தீரும்வரை நீட்டிப்பும் உறுதி என்றால் அதில் ரிஸ்க் எங்கே? ரிஸ்க் இல்லாதவனுக்கு ரிஸ்க்குக்கான கூலி.

இதற்கு நேர் எதிரான கதைகளும் இருக்கின்றன. வளரும் பொருளாதாரத்தில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் வரும்: வண்டிகள் கூடிக்கொண்டேதான் இருக்கும் என்று. 2011-இல் கிஷன்கர்-உதய்பூர்-அகமதாபாத் சாலைக்கு, 555 கிலோமீட்டர், ஜி.எம்.ஆர். நிறுவனம் வருடத்துக்கு 636 கோடி ரூபாய் அரசுக்குக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்தது. அதாவது அரசிடம் மானியம் கேட்காமல், நானே உனக்குப் பணம் தருகிறேன் என்று. 2013 தொடக்கத்தில் வெளியேறுவதாக அறிவித்தது. சுற்றுச்சூழல் அனுமதி தாமதம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் அதற்குள் வளர்ச்சியும் மந்தமாகியிருந்தது. அந்தச் சமயத்தில் பி.ஓ.டி. டெண்டர்களுக்கு ஆள் வருவதே அருகிவிட்டது. 2016-இல் அரசு வேறு முறைக்குப் போனது. கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு தரும், மீதியைப் பின்னால் தவணையாகத் தரும், டோல் வசூல் அரசுடையது. வண்டி வருமா வராதா என்ற கவலை கம்பெனியிடமிருந்து நம்மிடம் வந்துவிட்டது.

கணித்ததைவிட அதிகமாக வண்டி வந்தால் எல்லாம் நன்றாக இருக்குமா? டெல்லி-குர்கான் விரைவுச் சாலையைப் பாருங்கள். 28 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பந்தம் 2002, திறந்தது 2008 ஜனவரி. கம்பெனி மானியம் வாங்காமல் அரசுக்கு 61 கோடி கொடுத்து எடுத்த ரோடு. வண்டிகள் கொட்டோகொட்டென்று கொட்டின. எல்லையில் 32 வரிசை டோல்கேட். அப்படியும் காலையிலும் மாலையிலும் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. நேரம் மிச்சமாகும் என்று காசு கட்டிய ஆள், காசு கட்டுவதற்காகவே நேரத்தைத் தொலைத்தான். வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து 2014 பிப்ரவரியில் அந்த டோல்கேட்டை எடுத்தார்கள்.

ஒரு இடத்தில் பேராசைக் கணிப்பு, இன்னொரு இடத்தில் குறைவான கணிப்பு. இருபது வருடம் கழித்து எத்தனை வண்டி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. என் எக்ஸெல்லில் 'போக்குவரத்து வளர்ச்சி' என்ற கட்டத்தில் 7 என்று போட்டிருந்தேன். ஏன் 7 என்று சார் கேட்டார். எல்லோரும் அதைத்தான் போட்டார்கள் சார் என்றேன். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "பெரிய கம்பெனிகளிலும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்றார்.

தெரியாத ஒன்றை வைத்து வருடத்தை முன்கூட்டியே பூட்டுவதுதான் பிரச்சனை. அதற்கு ஒரு மாற்று உண்டு. எங்கெல், ஃபிஷர், கலெட்டோவிச் என்று மூன்று பொருளாதார அறிஞர்கள் சொன்னது. டெண்டரில் வருடத்தைக் கேட்காதே. "மொத்தம் எவ்வளவு வசூலானால் உனக்குப் போதும்?" என்று கேள். வருடாவருடம் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டிக்கொண்டே வா. எந்த வட்டியில் மாற்றுவது என்பது முதல் நாளே ஒப்பந்தத்தில் இருக்கும். குறைவான தொகை கேட்டவனுக்கு ரோடு. அந்தத் தொகை வந்த அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தது. வண்டி நிறைய வந்தால் சீக்கிரம் முடியும், குறைந்தால் தாமதமாக முடியும். 1998-இல் சிலி நாட்டில் சாண்டியாகோ-வல்பரைசோ சாலையை இப்படித்தான் ஏலம் விட்டார்கள். ஆனால் இதிலும் வட்டியைத் தப்பாகப் போட்டால் டி.என்.டி. கதைதான், அதனால் அதிகபட்ச வருடம் என்று ஒரு பூட்டும் வேண்டும்.

வருடத்தைச் சுருக்கினாலே போதுமே என்று கேட்கலாம். மெக்சிகோ அதைச் செய்து பார்த்தது. 1989 முதல் 1994 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட கன்செஷன்கள், குறைந்த வருடம் கேட்டவனுக்கே ரோடு. சில வருடத்தில் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, டோலை ஏற்றினார்கள். லாரிக்காரர்கள் பக்கத்திலிருந்த இலவச ரோட்டிலேயே போனார்கள். 1994 கடைசியில் பெசோ சரிந்தது. 1997-இல் அரசே 23 ரோடுகளை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் மாதிரி ஒப்பந்தத்திலும் இந்த யோசனையின் சாயல் இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம். இலக்கைவிட வண்டிகள் கணிசமாகக் குறைந்தால், ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் கன்செஷன் காலம் 1.5 சதவீதம் நீளும், உச்சவரம்பு 20 சதவீதம். இலக்கைவிடக் கூடினால் ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 0.75 சதவீதம் குறையும், உச்சவரம்பு 10 சதவீதம். நல்லதுதான். ஆனால் இரண்டு எண்களையும் திரும்ப ஒரு முறை பாருங்கள். கம்பெனிக்குக் குறைந்தால் இரண்டு பங்கு வேகத்தில் நீளுகிறது, நமக்கு நல்லது நடந்தால் பாதி வேகத்தில் சுருங்குகிறது. தராசு இருக்கிறது, முள் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கன்செஷன் முடிந்தால் டோல் முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். லண்டன் பக்கத்தில் டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் நதிப் பாலம், திறந்தது 1991. அதிகபட்சம் இருபது வருடம், கடன் அதற்கு முன்பே தீர்ந்தால் அன்றோடு சரி என்று ஒப்பந்தம். 2003-இலேயே தீர்ந்துவிட்டது. ஆகா என்று நான் கைதட்டப் போனேன். மறுநாளிலிருந்து நெரிசலைக் குறைக்கும் கட்டணம் என்ற பெயரில் அரசே வசூலிக்க ஆரம்பித்தது! நம் நாட்டிலும் பி.ஓ.டி. முடிந்தால் அரசு எடுத்து வசூலைத் தொடர்கிறது. 2018-இல் ஏற்கெனவே கட்டி முடித்த ஒன்பது சாலைகளின் வசூல் உரிமையை முப்பது வருடத்துக்கு 9,681 கோடிக்கு மெக்வாரி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வேறு ரோடு போடலாம் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நாம் கட்டுவது இந்த ரோட்டின் விலை இல்லை, ஒரு வரி. வரி என்றால் வரி என்று சொல்லி வாங்க வேண்டும்.

ஒரு மாணவனாக எனக்குத் தோன்றுவது மூன்றே விஷயம்தான்.

1. கன்செஷன் காலத்தை நாள்காட்டியோடு கட்டாமல் வசூலோடு கட்டுங்கள். வண்டி கூடினால் குறையும் வேகமும், குறைந்தால் கூடும் வேகமும் ஒன்றாக இருக்கட்டும்.

2. எவ்வளவு வண்டி வந்தால் ரோட்டை அகலப்படுத்த வேண்டும், அதற்கு யார் காசு என்பதை முதல் நாளே எழுதுங்கள். குர்கானில் நடந்தது வளர்ச்சியால் வந்த வினை.

3. டோல்கேட்டில் ஒரு போர்டு. தமிழ்நாட்டில் தமிழில். போட்டது இவ்வளவு, வட்டியோடு பாக்கி இவ்வளவு, இப்போதைய வேகத்தில் தீரும் வருடம் இது, அதற்கு அப்புறம் வாங்கினால் எதற்காக. இங்கிலீஷில் இணையத்தில் போட்டால் நான் படிப்பேன். கட்டுகிற என் அப்பா படிக்க மாட்டார்.

செமினார் முடிந்து, எக்ஸெல்லில் 7-ஐ அழித்துவிட்டு 3, 5, 7, 9 என்று நாலு வரிசை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் முடியும் வருடம் வேறு வேறாக வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு விளக்கினேன். வண்டி நிறைய வந்தால் சீக்கிரம், குறைவாக வந்தால் லேட்டு, ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதினால் இப்படிச் சொல்லலாம்பா என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்களுக்குத் தேதி வேணாண்டா. எவ்வளவு பாக்கின்னு மட்டும் சொல்லச் சொல்லு. மிச்சத்த நாங்களே கணக்குப் போட்டுக்குவோம்."

இருபத்தைந்து வருடமாக மார்க்கெட்டில் பாக்கி எழுதி வாங்கிய ஆள். நான் முப்பது ஸ்லைடில் சொன்னதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இதை எழுதி முடிக்கும்போது மணி ரெண்டு பத்து. இப்போதுதான் 'டிங்' என்றது. அப்பா தாண்டிவிட்டார். நான் தூங்கப் போகிறேன்.

பி.கு: 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வர இரண்டு மடங்கு கட்டாமல் ஒன்றரை மடங்கு கட்டினால் போதும். மொத்த கன்செஷன் விவகாரத்திலும் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த கன்செஷன் அது ஒன்றுதான் :-)